கரையில் நின்றவர் பங்கு

குழம்பு தளும்பிவிடக் கூடாதென்று கித்தேரி தூக்குவாளியின் மூடியை உள்ளங்கையால் இரண்டு தடவை அழுத்தினாள். கல்யாணத்துக்குச் சீராக வந்த ஜோடியில் அது ஒன்றுதான் அலமாரியில் இருந்தது. இன்னொன்றைப் போன வாரம், பயல்களுக்குச் சோறு கொண்டு போக வேண்டும் என்று கொழுந்தன் சிலுவை வாங்கிப் போனான். திருப்பிக் கொண்டு வரவில்லை. கேட்டால் நாளைக்கு என்பான். அவன் வாங்கிப் போன அரிவாள்மணையும் அப்படித்தான் போனது.

"சூடு ஆறதுக்குள்ள குடுத்துருங்க" என்றாள்.

"யாருக்குட்டி குடுக்க? நண்டு கைய நீட்டி வாங்கவா போவுது?" அவள் புருஷன் இஞ்ஞாசி பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி சிரித்தான்.

"அப்ப நாப்பது நாளா யாருக்குக் கொண்டு போனீங்களாம்?"

"அது பாக்கதுக்கு. இன்னைக்குச் சீலா மீன் குழம்புன்னு அந்த ஆளுக்குத் தெரியணும்லா. நாப்பது நாளா காஞ்ச மீனையே காட்டினா என்ன நினைப்பான் நம்மள?"

வழக்கமாகப் பொரித்த மீனோ கருவாடோ ஓலைப்பெட்டியில் போகும். குழம்பு ஓலையில் நிற்காது. தூக்குவாளி கித்தேரியின் யோசனை.

அவன் போன பிறகு அவள் சட்டியைத் தேய்த்தாள். அடியில் பிடித்திருந்த புளியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது அலமாரியில் தட்டுகள் ஒரு தடவை நடுங்கின. வெடிச் சத்தம் எதுவும் இல்லை. தெரு நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைப்பதை நிறுத்தின. கித்தேரி கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

சின்னமுகம் என்ற அந்த ஊரில் ஆறு கடலில் சேரும் இடத்தை மூன்று வருஷத்துக்கு முன் துறைமுக நிறுவனம் சுவர் வைத்து அடைத்தது. வள்ளங்கள் பதினோரு கிலோமீட்டர் சுற்றிப் போய்க் கடலில் இறங்க வேண்டியதாயிற்று. பின்னாலிருந்த உப்பங்கழி வற்றி, இறால் குஞ்சுகள் சேற்றில் வெள்ளை வெள்ளையாகச் செத்துக் கிடந்தன. மனு கொடுத்தார்கள். வழக்குப் போட்டார்கள். பிறகு சுவரின் மேற்கு வாசலில் உட்கார்ந்தார்கள்.

சுவரைக் காத்தது மனிதர்கள் இல்லை. இடுப்பளவு உயரம், ஆறு கால், பக்கவாட்டில் நகரும் இயந்திரம். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று இருந்தது. ஊரில் எல்லாருக்கும் அது நண்டு. அதனிடம் துப்பாக்கி கிடையாது. காற்றை அதிர வைக்கும். லேசாக அதிர்ந்தால் குமட்டும், முழங்கால் மடங்கும். முழுசாக அதிர்ந்தால் நெஞ்சு நின்றுவிடும். ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. எந்த அதிர்வையும் நண்டு தானாக விடக் கூடாது. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அதன் கண் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் 'சரி' என்று அழுத்த வேண்டும். ஒப்புதல் பணியாளர் என்று அவர்களுக்குப் பெயர். யார், எந்த ஊர் என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

முதல் நாள் வாசலில் இருநூறு பேர் உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் முப்பது பேர். மீன் அதிகம் கிடைக்கும் மீன்பாடு காலம் வந்தது, அவர்களும் போனார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து இஞ்ஞாசி மட்டும்தான். காலை எட்டரைக்குப் போய்ப் பாயை விரிப்பான். ஓலைப்பெட்டியைத் திறந்து நண்டின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைப்பான். பேச ஆரம்பிப்பான்.

அந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. மடிவலையை இழுத்துக் கரை சேர்க்கும்போது மணலில் யார் நின்றாலும், கயிற்றைத் தொடாதவராக இருந்தாலும், வழிப்போக்கராக இருந்தாலும், ஒரு கை மீன் அள்ளிக் கொடுத்துவிட வேண்டும். கரையில் நின்றவர் பங்கு என்பார்கள். கொடுக்காமல் போனால் மடி கிழியும் என்று ஒரு பயம். இஞ்ஞாசி அதை நண்டு வரைக்கும் நீட்டிவிட்டான். நண்டுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார், ஆகவே அவருக்கும் பங்கு உண்டு. அவ்வளவுதான் அவன் கணக்கு.

கோயில் பக்கத்துப் படிப்பகம் கித்தேரியின் பொறுப்பில் இருந்தது. அண்ணனும் தம்பியும் சண்டை போடுவதற்கு அங்கேதான் வருவார்கள், புத்தகம் பக்கத்தில் இருக்கும் என்பதால். இஞ்ஞாசிக்கு இரண்டு கதைகள் போதும். ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடந்து போனவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் உத்தரவிட்டதும், ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டதும். இன்னொன்று, மணிலா நகரத்தில் பீரங்கி வண்டிகளின் முன்னால் ஜனங்கள் முட்டி போட்டு, சிப்பாய்களுக்கு ரொட்டி நீட்டியது.

"அங்கெல்லாம் சிப்பாய் இருந்தான்ல" என்பான் சிலுவை. வள்ளங்களுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவன். பேசும்போதும் கையில் ஏதாவது ஒரு திருகாணியை உருட்டிக்கொண்டிருப்பான். "அவனுக்கு அம்ம இருந்தா, அக்கா இருந்தா. சோத்தக் கண்டா அவனுக்கும் பசிக்கும். இந்த நண்டுக்கு என்ன இருக்கு? பேட்டரிதான இருக்கு. அகிம்சையெல்லாம் எதிரிக்கு வெக்கம் இருந்தாத்தான் செல்லும்."

"அப்ப உன் வழிதான் செல்லுமோ? ரஷ்யாவுல ராசாவக் கவுத்தது வெடியா? ரொட்டி கேட்டு வந்த பொம்பளைங்கள சுடச் சொன்னான், சிப்பாய் மாட்டேன்னுட்டான். அதோட முடிஞ்சுது."

"பம்பாய்ல கப்பல்காரங்க பீரங்கியத் திருப்பினப்பதான் வெள்ளைக்காரன் மூட்டை கட்டினான். அதச் சொல்ல மாட்ட."

"அதையும் சேத்துக்கோ. அங்கயும் அவனோட ஆளுவளே அவனுக்கு மாட்டேன்னுட்டாங்க. எந்தப் பக்கம் போனாலும் கடைசில எவனோ ஒருத்தன் மாட்டேங்கணும்ல. அந்த ஒருத்தங்கிட்டதான் நான் தினமும் பேசுதேன்."

"அவன் காதுல பஞ்சு வச்சிருப்பான்."

"இருக்கட்டும். கண்ணு தொறந்துதான இருக்கும்? மீனு தெரியும்லா?"

கித்தேரி நடுவில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருப்பாள். இருவரும் சொல்வது அதே அலமாரியின் புத்தகங்களில் இருந்தது. எந்தப் புத்தகமும் கடைசிப் பக்கத்தில் சரியாகத் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதை மட்டும் அவள் கவனித்திருந்தாள்.

முப்பத்தைந்தாம் நாள் வடக்கு வாசலில் ஒரு நண்டு வெடித்துச் சிதறியது. ஆளுக்குச் சேதமில்லை. யார் செய்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் இஞ்ஞாசி தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியும் தலை நிமிரவில்லை. ஆனால் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

நாற்பத்தோராம் நாள்தான் சீலா மீன் குழம்பு.

இஞ்ஞாசியின் அடக்கத்துக்கு அக்கம்பக்கத்துப் பதினேழு கரைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு மேற்கு வாசலில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்தார்கள். இஞ்ஞாசியின் படத்தைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். கித்தேரி ஒரு நாள் போனாள். கூட்டத்தில் அவன் உட்கார்ந்த இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

விசாரணை அலுவலகத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. சம்பவ நேரத்தில் பணியிலிருந்தவர் ஒப்புதல் பணியாளர் 17. விவரங்கள் இரகசியம்.

"அந்த விரலு யாருதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் மயினி" என்றான் சிலுவை. கடிதத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "மத்தத நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஒண்ணும் கேக்காதீங்க."

கித்தேரி கேட்கவில்லை. அவளுக்கும் அந்த விரல் வேண்டியிருந்தது. காலையில் சட்டி தேய்க்கும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் நினைத்தாள். ஆணின் விரலா, மோதிரம் உண்டா, அழுத்திய கையால் மத்தியானம் சோறு தின்றதா. அன்றைக்கு மட்டும் புதிதாகப் போன தூக்குவாளியைக் கொடுத்தது தன் கை என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அந்த விரலை வேகமாக இழுத்து அதன்மேல் போட்டு மூடுவாள்.

மூன்றாம் மாதம் படிப்பக முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. நீலமசி, பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து. 'உங்களை ஒரு தடவை பார்க்க வேண்டும். நான் கோயம்புத்தூரில் வேலை பார்த்தேன். இப்போது விட்டுவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?' கீழே நாகமணி என்று பெயர், திரும்ப எழுத விலாசம். வேறொன்றும் இல்லை.

இஞ்ஞாசிக்குக் கோயம்புத்தூரில் யாரையும் தெரியாது. கித்தேரி கடிதத்தை மூன்று தடவை வாசித்தாள். சிலுவையிடம் சொல்ல இரண்டு தடவை வாசல் வரை போனாள். 'வாங்க' என்று மட்டும் ஒரு கார்டு எழுதிப் போட்டாள்.

வந்தவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஒடிசலாக இருந்தாள். பஸ்ஸில் வாந்தி எடுத்திருக்க வேண்டும், முகம் வெளிறியிருந்தது. உள்ளே வந்ததும் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள்.

"ஜன்னல்ல நீலப் பெயின்ட்னு சொன்னாருங்க. பச்சையா இருக்குதே?"

"போன கிறிஸ்மஸுக்கு மாத்தினோம். அவருக்குப் பச்சை, நீலம் பிரிச்சுத் தெரியாது" என்றாள் கித்தேரி. சொன்ன பிறகுதான், இஞ்ஞாசி ஜன்னலைப் பற்றி யாரிடம் பேசியிருப்பான் என்று அவளுக்கு உறைத்தது. நாற்காலியைக் காட்டினாள். என்ன கேட்பதென்று தெரியவில்லை. கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு ஒன்று செய்தாக வேண்டும்.

அதற்குள் சிலுவை வந்துவிட்டான். பஸ்ஸிலிருந்து ஊர் தெரியாத ஒரு பெண் இறங்கி இஞ்ஞாசி வீட்டைக் கேட்டாள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"யாரு மயினி இது?"

"படிப்பகத்துக்கு வந்தவங்க" என்றாள் கித்தேரி. நாக்கு தானாகச் சொன்னது.

நாகமணி எழுந்து நின்றாள். "இல்லீங்க. பதினேழாம் நம்பர் நான்தானுங்க."

சிலுவை கதவை உள்ளிருந்து சாத்தினான். நிதானமாகத் தாழ்ப்பாளையும் போட்டான். கித்தேரி தன்னை அறியாமல் இரண்டு எட்டு வைத்து அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். ஏன் அப்படி நின்றாள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். அந்தப் பெண் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்தாள், இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. இதைத் தவிர வேறு காரணம் அவளுக்கு அகப்படவில்லை.

"நவுருங்க மயினி."

"அவ பேசட்டும்."

"என்ன பேச்சு? அமுக்கினியா இல்லையாட்டி நீ?"

"அமுக்கினனுங்க. வேண்டாம்னு அமுக்கினேன்."

நாகமணி கித்தேரியின் தோளுக்கு மேல் சிலுவையைப் பார்த்துத்தான் பேசினாள். சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள் போல, தடுமாறவில்லை.

"எங்களுக்கு நாலு செகண்டுதானுங்க குடுப்பாங்க. ஒரு ஆளுக்கு நாப்பது வாசல். மத்த வாசல்ல எல்லாம் கல்லு, கூச்சல், ஓட்டம். உங்க வாசல்ல மட்டும்தான் ஒருத்தர் உக்காந்து எங்கிட்டப் பேசுவாரு. எம் பேரு தெரியாம, நான் ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாம. திருப்பிப் பேச எங்களுக்கு வழியில்லீங்க. கேக்க மட்டுந்தான். அவரு தனியா உக்காந்த மூணாம் நாளே வரைபடத்துல அந்த எடத்துல ஒரு குறி போட்டு வெச்சேன், ஆள் உக்காந்திருக்காரு, சுத்திப் போன்னு. இல்லீன்னா அது அவரு பாய் மேலயே ஏறிப் போகும்."

"பொய்யி" என்றான் சிலுவை.

"பன்னெண்டாம் நாளு நீங்க வந்தீங்க. ஆரஞ்சுப் பனியன். 'பொண்டாட்டிகிட்டப் பேசுத மாதிரி இரும்புகிட்டப் பேசுத, உனக்கு மூளை கொழம்பிட்டு'ன்னு சத்தம் போட்டீங்க. நீங்க போனதும் அவரு என்னப் பாத்து, 'தம்பிதான். கோவக்காரன். நீரு மனசுல வச்சுக்கிடாதீரும்'னாரு."

சிலுவையின் கை தாழ்ப்பாளிலிருந்து இறங்கியது.

"வேண்டாம்னு அமுக்கினியே, பொறவு எப்படி அடிச்சுது?" கித்தேரி கேட்டாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"முன்னாடின்னா அடிச்சிருக்காதுங்க. நாங்க சொல்லாம ஒரு தூசி அசையாது. அதுக்கு ஆறு நாளு முன்னாடிதான் விதிய மாத்துனாங்க, வடக்கு வாசல் வெடிச்ச அன்னிக்கு ராத்திரியோட ராத்திரியா. மூடி போட்ட உலோகப் பாத்திரம் எதக் கண்டாலும் எங்ககிட்டக் கேக்க வேண்டியதில்லைன்னு. திரையில கேள்வி மட்டும் வரும், பழைய மாதிரியே. நாம அமுக்கறது எங்கயும் போய்ச் சேராது. அது எங்களுக்கே தெரியாதுங்க. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

நாகமணி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் வெளங்கலீங்க்கா. வடக்கு வாசல்ல வெடிச்சதும் ஒரு தூக்குவாளிதான். அதையும் இதையும் ஒத்துப் பாத்து நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு ஒண்ணுன்னு காட்டுச்சு. மூடி, காது, அடியில இருந்த வளையம், எல்லாம். எங்கியோ இருக்கற ரெண்டு தூக்குவாளி அப்பிடி ஒத்துப் போகுமா?"

கித்தேரி அலமாரியைப் பார்த்தாள். இரண்டாவது தட்டில், வழக்கமாக ஜோடி இருக்கும் இடத்தில், தூசியில்லாத இரண்டு வட்டங்கள் இருந்த காலம் போய் இப்போது தட்டு முழுவதும் ஒரே தூசி. பார்வையைத் திருப்பியபோது சிலுவையும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு ஏதோ சொல்லப் பிரிந்தது. நாலு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது எப்படி இருந்தானோ அப்படி இருந்தது முகம் என்று, அப்போது அவனைப் பார்த்தே இராத கித்தேரிக்குத் தோன்றியது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று மாதமாகத் தேடிய விரல், சிலுவையின் விரலாக எதிரில் நின்றது. அதைச் சுட்டிக் காட்டினால் தன் கையிலிருந்த பாரம் பாதி இறங்கிவிடும்.

"எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரிதான விக்கான்" என்றாள் கித்தேரி. "ஒரே அச்சுலதான அடிக்கான். ஒத்துத்தான் போவும்."

சிலுவை தாழ்ப்பாளைத் திறந்தான். செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே தெருவில் இறங்கி நடந்தான். செருப்பு அங்கேயே கிடந்தது.

கித்தேரி தட்டு வைத்தாள். "ஒக்காருங்க. கரையில நின்னவங்களுக்கு ஒரு பங்கு உண்டு."

"அவரு சொல்லுவாருங்க அத." நாகமணி சோற்றைப் பிசைந்தாள், வாய்க்குக் கொண்டு போகவில்லை. "அன்னிக்கு மூடியத் தொறக்கப் போனாரு. 'இன்னைக்கு என்ன தெரியுமா'ன்னாரு. சொல்லி முடிக்கலீங்க. என்ன குழம்புங்க்கா அது?"

"சீலா" என்றாள் கித்தேரி. அந்தப் பெண் அதற்குத்தான் அத்தனை தூரம் வந்தவள் போலத் தலையாட்டினாள்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சுவரில் நாற்பது மீட்டரை இடித்து முகத்துவாரத்தைத் திறந்தார்கள். வாசலில் உட்கார்ந்தவர்கள், பொறுமை ஜெயித்தது என்றார்கள். அதற்குள் வெவ்வேறு வாசல்களில் இன்னும் ஐந்து நண்டுகள் வெடித்திருந்தன, அவற்றை வெடிக்க வைத்தவர்கள் பயம்தான் ஜெயித்தது என்றார்கள். மணல் சேர்ந்து துறைமுகத்துக்கே இடைஞ்சலாகிவிட்டது, அதனால் திறந்தோம் என்று நிறுவனம் அறிக்கை விட்டது. படிப்பகத்துக்கு ஆராய்ச்சிக்கென்று வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, இதில் எதை எழுதுவது என்று கேட்டாள். மூன்றையும் எழுது, தேதியைச் சரியாகப் போடு என்றாள் கித்தேரி. விதி மாறிய தேதியையும் சொன்னாள். எந்தத் தூக்குவாளி என்று சொல்லவில்லை.

ஐந்தில் ஒன்றுகூடச் சிலுவையின் வேலை இல்லை. அவன் நாகமணி வந்த ஞாயிற்றுக்கிழமையே கொச்சிக்குப் போய் ஆழ்கடல் விசைப்படகில் எஞ்சின் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மாதம் ஒரு தடவை போன் செய்வான்.

"சாப்ட்டீங்களா மயினி?"

"ஆச்சு. அங்கன மழையா?"

"மழதான். இங்கன எப்பவும் மழதான்."

பிறகு அவன் பக்கம் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்கும். 'நான்தான் வாங்கிட்டுப் போனேன்' என்று அவன் சொன்னதில்லை. 'நான்தான் கொடுத்தேன்' என்று அவளும் சொன்னதில்லை. வைக்கட்டுமா என்பான். வை என்பாள்.

அவன் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. சமைக்கும்போது அவள் அளவு தவறி இரண்டு பேருக்குப் போட்டுவிடுகிறாள். மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் காக்கைக்கு வைக்கிறாள்.

படிப்பகம் திறக்கப் போகும் வழியில் சுவரின் மிச்சம் வரும். உட்கார்ந்தவர்கள் எல்லாம் எழுந்து போய்விட்டார்கள். மேற்கு வாசலில் ஆள் நடமாட்டம் இல்லை, புல்கூட முளைக்கத் தொடங்கிவிட்டது. நண்டு மட்டும் சுவரோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கும். வாசல் வந்ததும் ஒரு நொடி நிற்கும். மூன்றடி ஒதுங்கி, ஒரு பாயளவு வெறும் மணலைச் சுற்றிக்கொண்டு, மறுபடி சுவரோரம் சேர்ந்து போகும்.